ஹுவேயில் நாலு நாள் மழை

நவம்பர் 13, 2024 – புதன்

டா நாங்கில் அம்மாவும் நானும் ரயில் ஏறும்போது வெறும் தூறல்தான். ஹாய் வான் மலையை வளைத்துக்கொண்டு ரயில் கடலோரமாக ஊர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. வியட்நாமிலேயே அழகான ரயில் பாதை என்று எல்லோரும் சொல்கிற இடம் அது. கடலும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. ஹுவேயில் இறங்கியபோது மழை ஓட்டைக் குடமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

டிக்கெட் போடும்போது விலையைப் பார்த்தேன், வானிலையைப் பார்க்கவில்லை. நமக்கு ஐப்பசியில் அடைமழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கேயும். ஊருக்கு மேற்கே நிற்கும் ட்ருவோங் சோன் மலைத்தொடர் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்த, மழை முழுவதும் இந்த ஊர் தலையில் இறங்குகிறது. அக்டோபரும் நவம்பரும்தான் உச்சம்.

இன்னொன்றையும் நான் பார்க்காமல் விட்டேன். நாங்கள் ஜெயங்கொண்டம் பக்கம். ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். நூறு மூட்டை அரிசியைச் சோறாக்கி லிங்கம் மறையச் சாத்துவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா அதைத் தவறவிட்டதில்லை. இந்த வருடம் அது வருகிற வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சைகோனிலும் ஹோய் ஆனிலும் ஐந்து நாள் அம்மா சாப்பிட்டது ரொட்டி, வாழைப்பழம், வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடி. அறுபத்தாறு வயதில் முட்டை கூடத் தொட்டதில்லை. எதைக் கேட்டாலும் மீன் சாறு வாசம் வந்துவிடும். ஹுவேயில் நாங்கள் தங்கிய விடுதி ஒரு குடும்பம் நடத்துவது. கீழே அவர்கள் வீடு, மேலே நாலு அறை. அறை ஈரமாக இருந்தது, படுக்கை விரிப்பு கூடச் சில்லென்று. அதைச் சொல்லலாம் என்று கீழே போனால், வீட்டுக்காரப் பெண் என் தலையைப் பார்த்துவிட்டு முதலில் துண்டு எடுத்து வந்து கொடுத்தாள். "அம்மா சைவம்" என்பதைப் போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். முகம் மலர்ந்து "அன் சாய்!" என்றாள். சாய் என்றால் சைவ உணவு. குடையை எடுத்துக்கொண்டு அவளே இரண்டு சந்து தள்ளி ஒரு கடை வரை வந்து விட்டுப் போனாள்.

கண்ணாடி அலமாரிக்குள் பத்துப் பன்னிரண்டு தட்டு. எலுமிச்சைப்புல் போட்டு வறுத்த டோஃபு, காளான் தொக்கு, வாழைப்பூவைப் பச்சையாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தது, வேகவைத்த பலாப்பிஞ்சை உதிர்த்து எள் தூவிக் கலந்தது. கூட அரிசி அப்பளம். வேண்டியதைக் காட்டினால் சோற்றின் மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு தட்டு 30,000 டோங். சுமார் 300 டோங் நம் ஒரு ரூபாய், ஆக நூறு ரூபாய். அம்மா அந்தப் பலாப்பிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து, "நம்ம பலாமூசுதாண்டி" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தட்டு வாங்கினாள். ஐந்து நாளுக்குப் பிறகு அம்மா வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்ததில் எனக்கு அழுகை வந்தது.

நவம்பர் 14, வியாழன்

காலையிலும் மழை. தெருமுனையில் மெல்லிய பிளாஸ்டிக் ரெயின்கோட் இரண்டு 30,000 டோங்குக்கு வாங்கிக்கொண்டு கோட்டைக்குக் கிளம்பினோம். இந்த ஊரில் மோட்டார் சைக்கிளுக்கென்றே ரெயின்கோட் செய்கிறார்கள். ஒரே கோட்டில் இரண்டு தலைக்கு இரண்டு ஓட்டை, முன்பக்கம் ஹெட்லைட்டுக்கு நேராகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டு ஒன்று. பின்னால் உட்கார்ந்து போகிற குழந்தையும் அம்மாவின் முதுகும் ஒரு துளி நனையாது.

ஹுவே 1802 முதல் 1945 வரை ங்குயென் வம்சத்து 13 அரசர்களின் தலைநகரம். வடக்கிலிருந்து தெற்கு வரை முழு வியட்நாமையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த யா லோங் இங்கே கோட்டை கட்ட ஆரம்பித்தார். அவர் மகன் மின் மாங் காலத்தில், 1832ல் முடிந்தது. சுற்றளவு சுமார் பத்துக் கிலோமீட்டர். அதற்குள் அரண்மனை நகரம், அதற்கும் உள்ளே அரசர் குடும்பம் மட்டும் புழங்கிய ஊதா நகரம். வெளிக்கோட்டைக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், டீக்கடை, சைக்கிள் ரிப்பேர், எல்லாம் அகழிக்கு இந்தப் பக்கம். மதிலில் குண்டு துளைத்த பள்ளங்களும் அப்படியே இருக்கின்றன.

அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு 200,000 டோங். முகப்பு வாசலான ங்கோ மோன் 1833ல் கட்டியது. ஐந்து வழிகள். நடுவில் இருப்பது அரசருக்கு மட்டும், அதன் இரு பக்கமும் அதிகாரிகளுக்கு, ஓரத்து இரண்டும் படைக்கும் யானை குதிரைக்கும். இந்த வாசல் மாடத்தில்தான் 1945 ஆகஸ்ட் 30ஆம் தேதி கடைசி அரசர் பாவ் டாய் வாளையும் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டுப் பதவி துறந்தார். அடிமை நாட்டுக்கு அரசனாக இருப்பதைவிடச் சுதந்திர நாட்டின் குடிமகனாக இருப்பேன் என்று அறிவித்தார். மாடத்தில் நின்று பார்த்தால் கீழே பெரிய முற்றம், தாமரைக்குளம், எதிரே கொடிமேடை. அன்றைக்கு அந்த முற்றம் நிறைய ஜனம் நின்றதை நினைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தோம்.

அடுத்ததுதான் ஏமாற்றம். சிம்மாசனம் இருந்த தாய் ஹோவா மண்டபத்துக்குள் போக வழியில்லை. மூன்று வருடமாகச் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது, அந்த மாதக் கடைசிக்குள் திறந்துவிடுவார்கள் என்றார்கள். எண்பது செந்தூண்களைப் பார்க்க ஆசையோடு வந்தவள் நான். மழையில் பளபளத்த மஞ்சள் ஓடுகளையும் கூரை விளிம்பில் நெளியும் டிராகன்களையும் வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

மண்டபத்தைத் தாண்டினால் புல்வெளி. முதலில் தோட்டம் என்றுதான் நினைத்தேன். பிறகு புல்லுக்கிடையே செங்கல் வரிசைகள், படிகள், தூண் நின்ற கல்வட்டங்கள் தெரிந்தன. அரசர் அன்றாடம் ஆட்சி நடத்திய அரண்மனை, அரசிகளின் மாளிகைகள் என்று பல கட்டடங்கள் இருந்த இடம். 1947ல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் பெரும்பகுதி எரிந்தது. பிறகு அமெரிக்கர்களோடு நடந்த போரில், 1968ல் டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டின்போது தொடங்கி நாலு வாரம் போல இந்தக் கோட்டைக்குள்ளேயே நடந்த சண்டையில் மிச்சமும் போனது. அரண்மனை இல்லாத படிக்கட்டுக்கு முன்னால் பெரிய வெண்கலக் கொப்பரைகள் மட்டும் மழைத்தண்ணீர் நிரம்பி நின்றன.

அம்மா அந்தச் செங்கல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாளிகைமேடு மாதிரியே இருக்குடி" என்றாள்.

ராஜேந்திர சோழன் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் எங்களுக்கு மிஞ்சியிருப்பதும் இதேதான், முழங்கால் உயரச் செங்கல். சின்ன வயதில் அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அது வெறும் மேடு. ஹுவேயில் தொலைந்தது எண்பது வருடத்துக்குள் தொலைந்தது. இந்த மண்டபங்களுக்குள் நடந்தவர்களின் பேரன் பேத்திகள் இதே ஊரில் இருக்கிறார்கள். எங்கள் செங்கல்லின் வயது எனக்கு இங்கே நின்றபோதுதான் உறைத்தது.

கடைக்கோடியில் கியன் ட்ருங் மாளிகை. 1947ல் தரைமட்டமானதைப் பழைய படங்களை வைத்துத் திரும்பக் கட்டி 2024 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். சுவரெங்கும் பீங்கான் துண்டுகளால் பூவும் பறவையும். அவ்வளவு வெறுமைக்கு நடுவே இத்தனை புதுசாக ஒன்றா என்று முதலில் மனம் ஒட்டவில்லை. ஆனால் பக்கத்தில் போய், ஒவ்வொரு துண்டும் கையால் வெட்டிப் பதித்தது என்று பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

மழை வலுத்ததால் 1826ல் கட்டிய அரசவை நாடகக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். தனிச்சீட்டு வாங்கி அரைமணி நேரம் அரசவை இசையும், தாமரை விளக்கு ஏந்திய பெண்களின் ஆட்டமும். ஓட்டின் மேல் மழைச் சத்தம் மேளத்தோடு சேர்ந்துகொண்டது.

என் மனதில் தங்கியது மூதாதையர் கோயில் முற்றத்தில் இருக்கும் ஒன்பது வெண்கலக் கலசங்கள். மின் மாங் 1835ல் ஆரம்பித்து 1837ல் வார்த்து முடித்தவை. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல், இரண்டாயிரம் கிலோ போல எடை. ஒவ்வொன்றிலும் 17 உருவங்கள். நாட்டின் மலை, ஆறு, படகு, பீரங்கி என்று நாட்டையே வரைந்து வைத்திருக்கிறார்கள். மயில் இருக்கிறது, நெற்கதிர் இருக்கிறது. பலாவையும் மாவையும் அம்மா தேடிக் கண்டுபிடித்து விரலால் தடவிக் காட்டினாள். வெற்றியை எழுதி வைத்த அரசர்களைப் பார்த்திருக்கிறேன். வெங்காயத்தாள் வரைக்கும் பதித்து வைத்தவரை இங்கேதான் பார்க்கிறேன்.

சாயங்காலம் உப்புக் காபி. இந்த ஊரில் பிறந்த பழக்கம். டம்ளர் மேல் தகர ஃபில்டர் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷன், அடியில் கண்டென்ஸ்டு மில்க், மேலே உப்புக் கலந்த பாலேடு. 25,000 டோங். காபியில் உப்பா என்று முகம் சுளித்த அம்மா, ஃபில்டரைப் பார்த்ததும் சமாதானமானாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நான் தனியாகப் போய்ப் புன் போ சாப்பிட்டேன். மாட்டு எலும்புச் சாற்றில் எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் மிதக்கும் தடித்த அரிசி நூடுல்ஸ், 40,000 டோங். குளிரில் நடுங்கி வந்தவளுக்கு அது மருந்து.

நவம்பர் 15, வெள்ளி – பௌர்ணமி

து டுக் அரசரின் கல்லறைக்குப் போகும் வழியில் துய் சுவான் என்கிற ஊதுபத்திக் கிராமம். வெயில் நாளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பத்திகளை விசிறி மாதிரி விரித்துத் தெருவெல்லாம் காயவைப்பார்கள். மழையானதால் எல்லாம் திண்ணைக்குள். ஒரு பெண் பலகையில் மாவை வைத்து ஒரே இழுப்பில் பத்தி உருட்டிக் காட்டினாள். பட்டையும் நட்சத்திரச் சோம்பும் மணக்கிற பத்தி. அம்மா இரண்டு கட்டு வாங்கினாள்.

கல்லறை என்று சொல்கிறார்களே தவிர அது ஒரு பெரிய தோட்டம். 1864ல் ஆரம்பித்து 1867ல் முடித்த பின் அரசர் பதினாறு வருடம் உயிரோடு இருந்து இங்கே வந்து தங்கியிருக்கிறார். ஏரி, ஏரிக்குள் தீவு, தண்ணீருக்கு மேல் மர மண்டபம். அதில் உட்கார்ந்து கவிதை எழுதுவாராம். இங்கே எல்லாப் பெயரிலும் 'கியெம்' என்ற சொல் வருகிறது. அடக்கம் என்று பொருள். ஆனால் இதைக் கட்டும்போது கொடுமைப்படுத்தப்பட்ட கூலியாட்கள் 1866ல் கலகம் செய்தார்கள். சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைதான் அவர்கள் ஆயுதம். அந்த மர மண்டபத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இவ்வளவு அழகை ரசிக்கலாமா என்று எனக்குத் தடுமாற்றமாகவே இருந்தது.

நாட்டின் தெற்கு மாகாணங்கள் ஆறும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது இவர் காலத்தில்தான். பிள்ளை இல்லை. மெய்க்கீர்த்தியை மகன் எழுத வேண்டும் என்பது மரபு; மகன் இல்லாததால் தானே எழுதினார். இருபது டன் கல்லில் ஐயாயிரம் எழுத்துகள் போல. அதில் தன் தோல்விகளைத் தானே சொல்லி வருந்தியிருக்கிறார். அந்தக் கல்லுக்கு முன் ரொம்ப நேரம் நின்றேன். இவரைப் பற்றி இந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் வேட்டைக்குப் போனவர் மழையில் ஆறு பெருகி நேரத்துக்குத் திரும்ப முடியவில்லை. தகப்பன் நினைவு நாள் நெருங்கும் வேளை. கோபித்துக்கொண்டு முகம் திருப்பி உட்கார்ந்திருந்த தாயார் முன்னால் பிரம்பை வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாராம், அடியுங்கள் என்று. தாயார் பிரம்பைத் தள்ளிவிட்டார். இதை அம்மாவுக்குச் சொன்னேன். "அடிக்கவா மனசு வரும்" என்றாள். அன்னாபிஷேகம் பற்றி அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இறங்கி வரும்போது பாசி பிடித்த செங்கல் தளத்தில் அம்மா வழுக்கி விழுந்தாள். முழங்கை சிராய்த்து முட்டி வீங்கிவிட்டது. நான் கத்துவதற்குள் வாசலில் தொப்பி விற்கிற பெண் ஓடிவந்துவிட்டாள். தன் முக்காலியில் உட்கார வைத்து, இடுப்புப் பையிலிருந்து பச்சைத் தைலம் எடுத்து முட்டியில் அரை மணி நேரம் தேய்த்தாள். இங்கே தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் அடிக்கும் அந்தத் தைலம்தான், எல்லார் பையிலும் இருக்கிறது. பணம் நீட்டினேன், கையை மடக்கிவிட்டாள். தொப்பி ஒன்று வாங்குகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. அடிபட்டவருக்கு உதவியதற்கு ஈடாக வியாபாரம் வேண்டாம் என்பது போலத் தலையசைத்தாள். அம்மா பையைத் துழாவி வீட்டு முறுக்குப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இங்கே எதைக் கொடுத்தாலும் இரண்டு கைதான். பேச்சில் அடிக்கடி மெல்ல "யா" என்று சேர்க்கிறார்கள், நம் பேச்சில் வரும் 'ங்க' போல.

மதியத்துக்கு மேல் அறையிலேயே இருந்தோம். ஐந்து மணிக்கு ஜன்னல் வழியாகப் பத்தி வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க வீட்டு வாசலில் மேஜை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் சாமந்தி, வாழைப்பழச் சீப்பு, தண்ணீர், சின்னச் சின்னக் கிண்ணத்தில் சோறு. மழை தூறிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு மேஜைக்கும் ஒருவர் குடை பிடித்தபடி.

கீழே இறங்கினோம். விடுதி வீட்டின் மூத்த பாட்டி எங்களைப் பார்த்துக் கைகாட்டி அழைத்தார். பேத்தி போனில் விளக்கினாள். அமாவாசை, பௌர்ணமிக்கு ஹுவேயில் நிறைய வீடுகளில் சைவச் சமையல்தான், சைவக் கடைகளில் உட்கார இடம் இருக்காது. அதிலும் இன்றைக்குப் பத்தாம் மாதப் பௌர்ணமி. அறுவடையான புது அரிசியைச் சமைத்து முன்னோருக்கும் தெய்வத்துக்கும் படைக்கிற நாள்.

நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கிண்ணத்துச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்குத்தானேடி அங்கயும்" என்றாள். எட்டு நாளில் முதல்முறையாக அதைச் சொன்னாள். "மன்னிச்சுக்கம்மா, நாள் பாக்காம போட்டுட்டேன்" என்றேன். அம்மா பதில் சொல்லாமல் காலையில் வாங்கிய பத்திக் கட்டைப் பிரித்தாள். பாட்டி நகர்ந்து இடம் விட்டார். மூன்று பத்தி ஏற்றி, பாட்டி கும்பிட்ட மாதிரியே அம்மாவும் கும்பிட்டாள். பிறகு நம் வழக்கப்படி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாட்டி அதைப் பார்த்துத் தானும் ஒருமுறை செய்து பார்த்தார்.

தகர டப்பாவில் காகிதக் காசை எரித்துவிட்டு, அரிசியும் உப்பும் கலந்து தெருவில் தூவினார்கள். ஆதரவில்லாத ஆவிகளுக்கு அது. அதன்பின் எங்களை உள்ளே உட்கார வைத்துச் சாப்பாடு. புது அரிசிச் சோறு, தாமரை விதையும் காளானும் போட்ட சாறு, பாசிப்பருப்பு வைத்த பான் பெயோ. சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வேகவைத்த மெல்லிய அரிசி மாவுப் பணியாரம் அது. கடைகளில் இறால் தூள் தூவித்தான் வரும். பாட்டி அம்மாவின் வயதைக் கேட்டார். இங்கே வயது தெரிந்தால்தான் எப்படிக் கூப்பிடுவது என்று முடிவாகும். அறுபத்தாறு என்றதும், எழுபத்திரண்டு வயதுப் பாட்டி, "எம்" என்று அழைத்தார். தங்கச்சி.

நவம்பர் 16, சனி

அம்மா முட்டிக்கு ஓய்வு கொடுக்க, விடிந்ததும் நான் மட்டும் காய் டின் அரசரின் கல்லறைக்குப் போய் வந்தேன். 127 படி. 1920லிருந்து 1931 வரை கட்டியது; இதற்காக வரியை முப்பது சதவீதம் உயர்த்தினார்கள். வெளியே கறுத்த கான்கிரீட், உள்ளே சுவர் முழுக்கப் பீங்கானும் கண்ணாடியும் ஜொலிக்கிறது. எனக்கு து டுக்கின் ஏரிதான் பிடித்தது.

பிறகு இருவருமாகத் தியன் மூ விகாரைக்கு. படகில் போக நினைத்திருந்தோம், ஆறு பெருகியதால் படகு விடவில்லை. கரையில் 21 மீட்டர் உயர ஏழு அடுக்குக் கோபுரம். கோயில் 1601ல் எழுப்பியது. சிவப்பு உடுத்திய ஒரு மூதாட்டி இந்தக் குன்றில் தோன்றி, இங்கே ஒரு தலைவன் வந்து கோயில் கட்டுவான் என்று சொன்னதாக ஐதிகம். தியன் மூ என்றாலே வானுலக மூதாட்டி. "அம்மன்தான்" என்றாள் அம்மா. பின்கட்டில் ஒரு பழைய நீலக் கார் நிற்கிறது. பௌத்தர்கள் மீதான அடக்குமுறையை எதிர்த்து 1963 ஜூன் 11ஆம் தேதி சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்த துறவி திச் குவாங் டுக் அங்கே வந்து இறங்கிய கார். அதன் முன்னால் யாரும் உரக்கப் பேசவில்லை. சிறு துறவிகள் இரண்டு பேர் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

டோங் பா சந்தையில் மெ சுங் வாங்கினோம். எள்ளும் கடலையும் போட்ட மெத்தென்ற மிட்டாய். சொன்ன விலையில் பாதிக்கு அம்மா விரல் காட்டி முடித்துவிட்டாள்.

டா நாங்கிலிருந்து காலையில் வந்து அரண்மனை, ஒரு கல்லறை, ஒரு கோபுரம் பார்த்துவிட்டு மாலையே திரும்பும் பஸ்கள் இந்த ஊருக்கு ஏராளம். அப்படி வராதீர்கள். மூன்று ராத்திரியாவது தங்குங்கள். அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்து வருகிற மாதிரி நாள் பார்த்து வாருங்கள்.

புறப்படும்போது பாட்டி ஒரு சின்னத் துணிப்பையில் புது அரிசி ஒரு பிடி கட்டிக் கொடுத்தார். ஹாய் வான் தாண்டியதும் மழை விட்டிருந்தது, வந்தபோது தெரியாத கடல் இப்போது ஜன்னல் நிறையத் தெரிந்தது. பலரும் எறிந்துவிட்டுப் போகிற அந்தப் பதினைந்தாயிரம் டோங் ரெயின்கோட்டை அம்மா உதறி, மடித்து, அரிசிப்பைக்கு மேல் வைத்தாள்.

"ஊர்லயும் இப்ப மழைதானே" என்றாள்.